ஆணியில் தொங்கிய 1846

23-8-1974 — ரூ. 1.50
12-5-1986 — ரூ. 14,500
14-1-1996 — ரூ. 37,40,000
10-9-2007 — ரூ. 1,000
6-7-2022 — ரூ. 6,85,000
19-2-2024 — ரூ. 47

இந்த ஆறு வரிகளில் முதல் வரி ஒரு பழைய அபராதப் புத்தகத்தில் நாற்பத்தொன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. மற்ற ஐந்தும் பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டில் இருந்தன. நோட்டின் சொந்தக்காரர் ஏனோக். அட்டையின் மேல் எழுதியிருந்த பெயர் மரியகுழந்தை. இருவரும் சொந்தமில்லை, கூட்டாளிகளில்லை, கொடுக்கல் வாங்கலும் இல்லை. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ஒருவர் இன்னொருவரைப் பற்றி இருபத்தேழு ஆண்டுகள் நோட்டுப் போட்டு எழுதிவந்தார் என்றால், அதற்குச் சந்தேகம் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

ஏனோக் 1968-ல் பென்ரோஸ் ஷாஃப்டின் டைம் ஆபீஸில் எழுத்தராகச் சேர்ந்தார். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடும் நாள் வரை அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்குப் பின்னே ஒரு பெரிய பலகை, பலகை நிறைய ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலும் நம்பர் பொறித்த ஒரு பித்தளை டோக்கன். கீழே இறங்குகிறவன் தன் டோக்கனை வாங்கிக்கொண்டு, ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டான கேஜில் ஏறுவான். மேலே வந்ததும் ஜன்னலில் திருப்பிக் கொடுப்பான். ஏனோக் அதை அதே ஆணியில் மாட்டி, நம்பருக்கு நேராக நேரத்தையும் எத்தனையாவது கேஜ் என்பதையும் எழுதுவார். ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே. டோக்கன் தொங்கினால் ஆள் மேலே. இதில் மூன்றாவது நிலை ஒன்று கிடையாது.

டோக்கன் விஷயத்தில் தொழிலாளிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. அடுத்தவன் டோக்கன் கையில் கிடைத்தால் ஒரு நிமிடம்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். வைத்திருப்பவனுக்கும் ஆகாது, நம்பர்காரனுக்கும் ஆகாது என்பார்கள். கண்டெடுத்தவன் ஓடிவந்து ஜன்னலில் தள்ளிவிட்டுப் போய்விடுவான்.

17-9-1974, செவ்வாய்க்கிழமை பகல் 12.25-க்குக் கீழே பாறை வெடித்தது. ஊரில் அதை ஏர் பிளாஸ்ட் என்பார்கள். அன்று பாறை வெடித்த மட்டத்தில் வேலை செய்தவர்களில் மூன்று பேருடைய ஆணிகள் காலியாக இருந்தன. மூன்று உடல்களை எடுத்தார்கள். பலகைக் கணக்கு முடிந்துவிட்டதால் தேடுவதை நிறுத்தி, அந்தப் பக்கத்தைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தார்கள். அதே கூட்டத்தில் நான்காவதாக ஒருவர் இருந்தார். சவரிமுத்து, டோக்கன் 1846. அவருடைய டோக்கன் ஆணியில் தொங்கியது. 11.40-க்கு மேலே வந்தார் என்று ஏனோக்கின் புத்தகம் சொன்னது. மேலே வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. பேத்தமங்களாவில் ஒருத்தி இருந்தாள், அவளோடு போய்விட்டார் என்று ஒரு வாரத்தில் பேச்சு கிளம்பியது. அவளைப் பார்த்தவர் யாருமில்லை. பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது.

சவரிமுத்துவின் மனைவி அமலாவுக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. மகன் மரியகுழந்தைக்குப் பத்து. இறந்தவனின் குடும்பத்துக்குக் கிடைப்பது எதுவும் ஓடிப்போனவனின் குடும்பத்துக்குக் கிடைக்காது. அதைக்கூட அமலா பெரிதாகச் சொன்னதில்லை. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, ஊர் முழுக்கத் தத்தம் குடும்பக் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றும்போது, அவர் ஒரு மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே நிற்பார். உள்ளே போய் ஏற்ற அவருக்கு ஓர் இடமில்லை. பூசையில் சாமியார் வாசிக்கும் பெயர்களில் சவரிமுத்துவின் பெயர் இல்லை. செத்தார் என்று யாரும் எழுதித் தராதவரை அந்தப் பெயரைச் சேர்க்க முடியாது.

பத்து வயதுப் பையன் அதைப் பார்த்து வளர்ந்தான்.

வளர்ந்தவன் படிப்பைவிட்டு, 1986-ல் ஒரு கலர் டி.வி.யும் வீடியோ டெக்கும் வாங்கினான். சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளில் தலைக்கு ஒரு ரூபாய் வாங்கிப் படம் போட்டான். கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் வாடகைக்கு விட்டான். பிறகு ராபர்ட்சன்பேட்டையில் வீடியோ கடை. பிறகு வேலூரிலிருந்து படப்பெட்டி எடுத்துவந்து தியேட்டர்களுக்குக் கொடுக்கும் வேலை. முப்பது வயதில் அவன் சட்டைப்பையில் இரண்டு பேனா ஏறிவிட்டது. ஆனாலும் ஊருக்கு அவன் 'குழந்தை'தான். எழுபது வயதுக்காரரும் குழந்தை என்பார், ஏழு வயதுப் பெண்ணும் குழந்தை அங்கிள் என்பாள்.

1996 ஜனவரி முதல் வாரத்தில் மரியகுழந்தை டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார்.

"சார், படம் ஒண்ணு எடுக்கறேன். இந்தப் போர்டை ரெண்டு நாளைக்கு ஷூட்டிங்குக்குக் குடுங்க."

"கம்பெனி சொத்து. பயாஸ்கோப்புக்கெல்லாம் குடுக்கிறதில்ல."

"சரி, போவுது. எழுவத்திநாலு செப்டம்பர் பக்கத்தை ஒருவாட்டி காட்டுங்க."

"இன்னாத்துக்கு? உங்கப்பா வந்த நேரம் பதினொண்ணு நாப்பது. ஊருக்கே தெரியும்."

"எங்கப்பாவைப் பாக்கிறதுக்கு இல்ல சார். உங்க எழுத்தைப் பாக்கிறதுக்கு."

ஏனோக் ஜன்னல் பலகையைக் கீழே இறக்கினார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்தப் பச்சை நோட்டை வாங்கினார். பத்து ஆண்டுக்கு முன் அவன் டி.வி.யும் டெக்கும் வாங்கிய செலவை விசாரித்து அதில் முதலில் எழுதினார். தன் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்பவனுக்கு என்ன தேவை? புத்தகத்தைக் கோர்ட்டுக்கு இழுக்கப் பார்க்கிறானா, பத்திரிகையில் போடப் பார்க்கிறானா? கம்பெனியை மிரட்டிப் பணம் பறிக்கத் திட்டமா?

படத்தின் பெயர் 'ஏழாம் நம்பர் கேஜ்'. பொங்கலுக்கு முதல் நாள் பூசை போட்டார்கள். செலவு முப்பத்தேழு லட்சத்து நாற்பதாயிரம். தையல்காரரிடமும் லாரிக்காரரிடமும் விசாரித்து, வேலூர் பைனான்ஸ்காரரின் குமாஸ்தாவிடம் உறுதிப்படுத்திக்கொண்டுதான் ஏனோக் அந்தத் தொகையை எழுதினார். சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டின் சரிவில் ஷூட்டிங் நடந்தபோது தூரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பலகை ஒன்று செய்து வைத்திருந்தார்கள். அதில் ஓர் அதிசயம். கூட்டத்தில் நடிக்க வந்த 212 பேருக்கும் மரியகுழந்தை நிஜமாகவே டோக்கன் கொடுத்திருந்தார். டோக்கனைக் காட்டினால்தான் சாப்பாடு. இருட்டுவதற்குள் 212-ம் ஆணியில் ஏறாமல் ஜெனரேட்டர் வண்டியைக் கிளம்ப விடமாட்டார். ஒரு நாள் ஒரு டோக்கன் குறைந்தது. கேமராமேன் கத்தினார். மரியகுழந்தை அசையவில்லை. கடைசியில் வண்டிக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த ஒருவனை எழுப்பிக் கூட்டிவந்தார்கள்.

படம் ராபர்ட்சன்பேட்டையில் பதினொரு நாள் ஓடியது. வேலூரில் நான்கு. சென்னையில் மூன்று பகல் காட்சி. ஐந்தாம் நாள் ஏனோக் மனைவி ஃப்ளோராவோடு போனார். கதையில் ஒரு டைம் ஆபீஸ் குமாஸ்தா வருகிறான். மேனேஜரிடம் கவர் வாங்கிக்கொண்டு, கீழே செத்துப்போனவனின் டோக்கனை ஆணியில் மாட்டுகிறான். அவன் மாட்டியது இடது கையால். கடிகாரம் வலது மணிக்கட்டில். டோக்கன் நம்பர் 1846. ஏனோக் இடதுகைக்காரர், கடிகாரத்தை வலது கையில் கட்டுகிறவர். தியேட்டரில் இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது.

"எழுந்து போலாம் வாங்க," என்றார் ஃப்ளோரா.

"முடியட்டும். இன்னா சொல்றான்னு முழுசா தெரியணும்."

படம் மரியகுழந்தையைத் தின்றுவிட்டது. வீடியோ கடை போயிற்று. அமலாவின் கம்மல் போயிற்று. பதினோரு ஆண்டுகள் அவர் யார் யாரோ எடுத்த படங்களுக்கு மேனேஜராகவும், கேபிள் டி.வி.க்குக் கம்பி இழுப்பவராகவும் இருந்தார். 2007-ல் நகரசபைத் தேர்தலுக்கு டெபாசிட் கட்டினார். 63 ஓட்டில் ஜெயித்தார். அவருடைய வார்டில் தண்ணீர் லாரி வரும்போது வீட்டுக்கு ஒரு டோக்கன் வைத்தார். குடம் நிரம்பியதும் டோக்கன் பலகைக்கு வரவேண்டும். சாயங்காலம் எந்த ஆணி காலியோ அந்த வீட்டுக்குக் கவுன்சிலரே நடந்து போய், ஏன் தண்ணீர் பிடிக்கவில்லை என்று கேட்பார். இரண்டு தடவை அப்படிப் போனபோது உள்ளே கிழவி விழுந்து கிடந்திருக்கிறாள். ஊர் பாராட்டியது. வீட்டு வீடாக ஆள் கணக்கு எடுக்கிறான், அடுத்த தேர்தலுக்கு விதை போடுகிறான் என்று ஏனோக் நோட்டில் எழுதினார்.

2009-ல் நகரசபைக் கூட்டத்தில் மரியகுழந்தை ஒரு கேள்வி கேட்டார்: மூடிய சுரங்கத்தின் டைம் ஆபீஸ் புத்தகங்கள் எங்கே? கேள்வி மறுநாளே ஏனோக்கின் காதுக்கு வந்தது.  அந்தப் புத்தகங்கள் அவருடைய கட்டிலுக்கு அடியில் இருந்தன. 2001-ல் பழைய பேப்பர் லாரியில் ஏற்றுவதற்காக வெளியே குவித்திருந்த 34 புத்தகங்களை அவர் சைக்கிளில் ஆறு நடையாக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். யாரிடமும் கேட்கவில்லை. திருட்டு என்று ஒருவர் சொன்னால் மறுக்க அவரிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. புத்தகங்களை எண்ணெய்த் துணியில் சுற்றி இன்னும் உள்ளே தள்ளினார்.

"அதுக்குள்ள ஒரு டோக்கனும் கீது," என்று ஃப்ளோரா முணுமுணுத்தார். "அந்தாளு டோக்கன். அதையாவது வெளிய கொண்டுபோய்ப் போடுங்க. வீட்ல வெச்சிக்கினு இருக்கிற பொருளா அது?"

உண்மைதான். விபத்து விசாரணையின்போது 1846-ஐ ஆணியிலிருந்து எடுத்து, ஒரு கவரில் போட்டு, புத்தகத்தின் பின் அட்டையில் செருகியிருந்தார்கள்.

ஆனால் ஏனோக் அந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டாததற்குத் திருட்டுப் பயம் மட்டும் காரணமல்ல. 34 புத்தகங்களில், முப்பத்து மூன்று ஆண்டுகளில், காலியாக விடப்பட்ட கட்டம் ஒன்றே ஒன்றுதான். 17-9-1974, 1846-க்கு நேராக, நேரம் 11.40 என்று இருக்கிறது. கேஜ் நம்பர் எழுதும் கட்டத்தில் ஒன்றும் இல்லை. சம்பளப் பட்டியல் வேலையில் மறந்திருப்பேன் என்று அவர் தமக்கே சொல்லிக்கொண்டார். அந்த ஒரு வெள்ளைக் கட்டத்தை, தம்மைப் படத்தில் லஞ்சக்காரன் ஆக்கியவனிடம் காட்டுவதா?

அடுத்த தேர்தலில் மரியகுழந்தை தோற்றார், 9 ஓட்டில். கொஞ்ச காலம் சத்தமில்லை. 2022-ல் பேத்தமங்களா ரோட்டில் இருந்த மனையை விற்று, ஒரு மொபைல் கடைக்கு மேலே அறை பிடித்து, பவ்யா என்கிற இன்ஜினியர் பெண்ணை வேலைக்கு வைத்து, போனுக்கு ஓர் ஆப் செய்தார். பெயர் 'வந்தாச்சு'. விடிவதற்கு முன்னால் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. கிளம்பும்போது ஒரு தடவை அழுத்த வேண்டும், வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை. வந்துசேரும் நேரம் தாண்டியும் அழுத்தவில்லை என்றால் வீட்டாருக்குத் தகவல் போகும். ஆறு மாதத்தில் 1,900 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஏனோக்கின் மகள் எலைன். பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பில் போடும் பிரிவில் வேலை.

"யார் எப்போ வீட்ல இல்லன்னு அவனுக்கு இன்னாத்துக்குத் தெரியணும்?" என்று ஏனோக் கேட்டார்.

"டாடி, அவருக்கு இல்ல. உங்களுக்குத் தெரியறதுக்கு."

"முதல்ல படம், அப்புறம் ஓட்டு, இப்போ போன். மூணுலயும் ஆளை எண்றான். எண்றவன் சும்மா எண்ணமாட்டான்."

"நீங்க முப்பத்தி மூணு வருசம் எண்ணினீங்களே," என்றார் ஃப்ளோரா. "அவனுக்கும் அறுவது ஆவுது. விடுங்க."

2-12-2023, சனிக்கிழமை. சனியன்று எலைனுக்கு அரை நாள், மூன்றரைக்கு வீட்டில் இருப்பாள். 3.35-க்கு ஏனோக்கின் போனில் செய்தி வந்தது: எலைன் வந்தாச்சு. வாசலுக்குப் போய்ப் பார்த்தார். யாரும் இல்லை. கடைக்குப் போயிருப்பாள் என்று உட்கார்ந்தார். நாலேகால் ஆயிற்று. அவள் போனுக்கு அடித்தால் லைன் கிடைக்கவில்லை. 4.40-க்கு அவளே கூப்பிட்டாள்.

"டாடி, பங்காரப்பேட்டைக்கு முன்னாடி நிக்கறோம். எருமை ரெண்டு குறுக்க வந்துடுச்சு. இப்பதான் சிக்னல் கிடைச்சுது."

"நீ வந்தாச்சுன்னு சொல்லுதே."

"நான் எங்க வந்தேன்? இன்னும் ட்ரெயின்லயே கீறேன்."

ஏனோக் போனில் அந்தச் செய்தியை மறுபடி படித்தார். எருமைக்குப் பதில் வேறு ஏதாவது ஆகியிருந்தால்? மகள் எங்கேயோ கிடக்க, வந்துவிட்டாள் என்று தாம் வாசலில் நிம்மதியாக உட்கார்ந்திருப்போமே. அந்தப் பயத்தின் அடியில் ஒரு திருப்தி தலைகாட்டியது. இருபத்தேழு ஆண்டுகளில் முதல் தடவையாகக் குழந்தை கையும் களவுமாக மாட்டினான்.

திங்கட்கிழமை பச்சை நோட்டோடு மொபைல் கடையின் மாடி ஏறினார்.

மரியகுழந்தை எழுந்து நாற்காலி போட்டார். "வாங்க சார், வாங்க. நான் உங்க ஜன்னலுக்கு வந்த காலம் போய் நீங்க என் ஜன்னலுக்கு வந்துட்டீங்க."

"உன் மெஷின் பொய் சொல்லுது. 3.35-க்கு என் பொண்ணு வந்தாச்சுன்னு சொல்லிச்சு. அவ வந்தது 6.10-க்கு. ரெண்டையும் எழுதி வெச்சிருக்கேன்."

"நீங்க எழுதினா அது சரியாத்தான் இருக்கும்," என்றார் மரியகுழந்தை. சிரிக்கவில்லை.

பவ்யா கம்ப்யூட்டரில் எதையோ தேடினாள். "அங்கிள், எலைன் அக்கா நம்பர்ல ரெண்டு போன் இருக்கு. புதுசு ட்ரெயின்ல இருந்துச்சு. பழசு உங்க வீட்ல. 3.35-க்கு வீட்ல இருக்கிறதைத்தான் யாரோ அமுக்கியிருக்காங்க."

"ஒரே நம்பர் எப்படி ரெண்டு இடத்துல இருக்கும்?"

"பழசு போச்சுன்னா புதுசுல அதே நம்பரைப் போட்டுக் குடுக்கிறோம் அங்கிள். பழசை அப்பவே கட் பண்ணியிருக்கணும், பண்ணல. மிஸ்டேக் எங்களுதுதான். பழசு யார் கையிலயாவது கிடைச்சு அமுக்கினா, இங்க ஆள் வந்தாச்சுன்னுதான் காட்டும். ஆள் எங்க இருந்தாலும்."

"உங்க போர்டுல இந்த வம்பே இல்ல, இல்லியா சார்?" என்றார் மரியகுழந்தை. "ஒரு ஆளுக்கு ஒரு டோக்கன்."

ஏனோக் 'ஆமாம்' என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்தச் சொல் வரவில்லை. தொலைத்தவனுக்கு அபராதம் போட்டு மாற்று டோக்கன் கொடுப்பதுண்டு. அதே நம்பர், மேலே ஒரு நட்சத்திரம் மட்டும் குத்தியிருக்கும். தொலைந்தது திரும்பக் கிடைத்தால்? அதை எவனும் கையில் வைத்திருக்கமாட்டான். ஓடிவந்து ஜன்னலில் தள்ளுவான்.

நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார்.

"இன்னா சார், சண்டைக்கு வந்துட்டு பாதியிலயே போறீங்க?" மரியகுழந்தையின் கண் சுருங்கியது. "புதுசா இன்னா கண்டுபிடிச்சீங்க?"

ஏனோக் படி இறங்கினார்.

வீட்டில் ஃப்ளோரா மகளின் பழைய போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அதில் எதையாவது அழுத்தினாயா என்று கேட்டார் ஏனோக்.

"பச்சையா ஒண்ணு வந்து வந்து நின்னுச்சு. பாட்டை மறைச்சுது. ஒரு அமுக்கு அமுக்கினேன், போயிடுச்சு. ஏன்?"

கட்டிலுக்கு அடியிலிருந்து புத்தகங்களை இழுத்தார். அபராதப் புத்தகம் தனி. அதை அவர் இத்தனை ஆண்டுகளில் ஒரு தடவையும் பிரித்ததில்லை. 1974 ஆகஸ்டுக்கு வந்தார். 23-ம் தேதி, அவருடைய இடதுகைச் சாய்வெழுத்தில்: 1846, சவரிமுத்து, டோக்கன் தொலைத்தது, ரூ. 1.50, மாற்று கொடுக்கப்பட்டது.

வேலைப் பங்கீட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். உடை மாற்றும் கூடத்தின் சாக்கடையைத் துப்புரவாளர் பெருமாள் கழுவும் நாள் செவ்வாய், நேரம் பதினொன்று; தொலைந்த டோக்கன்கள் அங்கேதான் அகப்படும். பெருமாள் செத்து முப்பது ஆண்டு ஆகிறது. அவர் பதினொன்று நாற்பதுக்கு ஜன்னலில் எதையாவது தள்ளினாரா என்று ஏனோக்குக்கு நினைவில்லை. நினைவை நம்பி அவர் எதையும் செய்தவரல்ல. பின் அட்டையிலிருந்து கவரை எடுத்துக் கிழித்தார். டோக்கன் உள்ளங்கையில் விழுந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். நட்சத்திரம் இல்லை.

நட்சத்திரம் குத்திய டோக்கன் இன்னும் கீழேதான் இருக்கிறது, அதை எடுத்துப்போன ஆளோடு. கேஜ் நம்பர் கட்டம் காலியாக இருப்பது மறதியல்ல. எழுத ஒரு கேஜே இல்லை. ஆளே வராத டோக்கனை ஆணியில் மாட்டி, நேரம் போட்டு, மூன்று உடலோடு தேடுதலை நிறுத்தவைத்தது தம்முடைய கை. கவர் வாங்கவில்லை என்பதைத் தவிர, படத்தில் காட்டியதற்கும் நடந்ததற்கும் வித்தியாசம் இல்லை.

பதினொரு நாள் அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. புத்தகங்கள் இருப்பது வெளியே யாருக்கும் தெரியாது. அபராதப் புத்தகம் ஓர் அடுப்புக்கு ஒரு வேளை விறகு. இதையும் அவர் யோசித்தார். பன்னிரண்டாம் நாள் காலை ஃப்ளோராவிடம் சொன்னார். ஃப்ளோரா டோக்கனைப் பார்த்தார், தொடவில்லை.

"நவம்பர் ரெண்டுக்கு அமலாக்கா கேட்டுக்கு வெளிய நிக்கறதை நான் வருசா வருசம் பாக்கறேன். நீங்க பாத்ததில்ல. போங்க, போய்க் குடுத்துட்டு வாங்க."

"திருடன்னு சொல்லுவான்."

"சொல்லட்டும்."

15-12-2023, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் அமலாவின் லைன் வீட்டுக் கதவைத் தட்டினார். அமலாவுக்கு எண்பத்திரண்டு. கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். மரியகுழந்தை நாற்காலி கொடுக்காமல் நின்றார். ஏனோக் இரண்டு புத்தகங்களையும் விரித்து, டோக்கனை மேலே வைத்து, நடந்ததைத் தேதி தேதியாகச் சொன்னார். எதையும் குறைக்கவில்லை.

மரியகுழந்தை முதலில் புத்தகத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தார். "இத்தினி வருசம் காட்டாதது இப்போ இன்னாத்துக்கு? யார் அனுப்பினாங்க உங்களை?"

"யாரும் அனுப்பல. உன் ஆப்தான்."

மரியகுழந்தை குனிந்து இரண்டு பக்கங்களையும் போட்டோ எடுத்தார். மை புதிதா பழையதா என்று விரலால் தடவிப் பார்த்தார். டோக்கனை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

"கேட்ட அன்னிக்கே அந்தப் பக்கத்தைக் காட்டியிருந்தா எனக்குப் படமும் வேணாம், எலெக்‌ஷனும் வேணாம். தெரியுமா சார்? படம் எடுத்தா உள்ள விடுவாங்கன்னு பாத்தேன். கவுன்சிலர் ஆனா கேக்கலாம்னு பாத்தேன்."

"தெரியல. பணத்துக்குன்னு நெனச்சேன்."

"நான் நீங்க பணம் வாங்கினீங்கன்னு நெனச்சேன். படத்துலயும் காட்டிட்டேன்."

"இடது கையைச் சரியாத்தான் காட்டினே."

அமலா டோக்கனை வாங்கினார். கையில் எடை பார்ப்பதுபோல் வைத்திருந்தார். "ஓடிப்போவலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். அன்னிக்கு டிபன் கேரியர் வீட்டுக்கு வரல. ஓடிப் போறவன் எவனாவது எச்சில் கேரியரைத் தூக்கினு போவானா? விசாரணையில சொன்னேன். கோட்டு போட்ட ஆளு சிரிச்சான். யாரும் எழுதல."

ஏனோக் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

பழைய சுரங்கப் பதிவுகளைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு வாக்குமூலம் தயாரிக்க இரண்டு மாதம் ஆயிற்று. ஏனோக் நான்கு தடவை திருப்பி எழுதினார். 'தவறு நேர்ந்தது' என்று பவ்யா டைப் செய்திருந்ததை 'தவறு செய்தேன்' என்று மாற்றச் சொன்னார். 19-2-2024 அன்று ராபர்ட்சன்பேட்டைத் தபாலாபீஸில் ரிஜிஸ்டர் செய்தார்கள். 47 ரூபாயை ஏனோக் கொடுத்தார், மரியகுழந்தையைக் கொடுக்கவிடவில்லை.

8-4-2024 அன்று முதல் பதில் வந்தது: மேற்படி புத்தகங்கள் உம் வசம் வந்தது எப்படி? ஏனோக் சைக்கிள், ஆறு நடை, தேதி எல்லாம் எழுதினார். 3-7-2024 அன்று இரண்டாவது: அசல் புத்தகங்களை ஒப்படைக்கவும்.

"குடுக்காதீங்க," என்றார் மரியகுழந்தை. "வாங்கி உள்ள போட்டுக்கினு ஒண்ணுமே இல்லன்னுடுவானுங்க."

"குடுக்கலன்னா பதிவு மாறாது."

"அப்போ எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டுக் குடுக்கலாம்."

இருபத்திரண்டு நாள் மொபைல் கடை மாடியில் இருவரும் உட்கார்ந்து பக்கம் புரட்டினார்கள், பவ்யா படம் எடுத்தாள். 10,186 பக்கங்கள். ஒரு நாளின் முடிவில் மரியகுழந்தை ஓர் எண் சொல்வார், ஏனோக் தம் எண்ணைச் சொல்வார். ஒத்துப்போனால்தான் விளக்கை அணைப்பார்கள். ஒரு நாள் ஒன்று குறைந்தது. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடிக்கும் வரை ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தபடி இருந்தார்கள். பிறகு 34 புத்தகங்களும் ஓர் ஆட்டோவில் போயின. ரசீது இல்லாமல் ஏனோக் அங்கிருந்து நகரவில்லை. அன்றிரவு கட்டிலுக்கு அடியில் துடைப்பம் தங்கு தடையில்லாமல் போய்வந்தது என்று ஃப்ளோரா சொன்னார்.

ஆகஸ்டில் ஒன்றும் வரவில்லை. செப்டம்பரில் சம்பவம் நடந்து ஐம்பது ஆண்டு முடிந்தது. அன்றும் ஒன்றும் வரவில்லை. அக்டோபரில் மரியகுழந்தை தினம் ஒரு தடவை கேட்டார்: "நெஜமாவே அனுப்பினீங்களா சார்? அந்த ஒப்புகைச் சீட்டைக் காட்டுங்க." ஏனோக் தினமும் காட்டினார். கோபம் வரவில்லை. அவராக இருந்தாலும் கேட்டிருப்பார்.

கடைசிக் கடிதம் அமலாவின் பெயருக்கே வந்தது. மரியகுழந்தை முதலில் முத்திரையைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், பிறகுதான் போன் செய்து ஏனோக்கை வரச்சொன்னார். ஏனோக் நின்றபடியே படித்தார். 17-9-1974 தேதியில் 1846-க்கு எதிரே உள்ள 11.40 என்ற பதிவு நீக்கப்படுகிறது. அன்றைய விபத்தில் இறந்தோர் பட்டியலில் நான்காவதாகச் சவரிமுத்துவின் பெயர் சேர்க்கப்படுகிறது. உறையின் மேல், 'காலஞ்சென்ற சவரிமுத்துவின் மனைவி' என்று எழுதியிருந்தது.

"நம்பரைச் சரியா போட்டிருக்கானுங்களா?" என்று கேட்டார் அமலா.

"சரியாத்தான் கீது. ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தாறு."

"குழந்தை, நாளைக்கே சாமியார்கிட்ட குடு. ரெண்டாம் தேதிக்கு இன்னும் அஞ்சு நாள்தான் கீது, அந்தப் பட்டியல்ல சேக்கணும்." பிறகு உறையை ஏனோக்கிடம் நீட்டினார். "நீங்க எழுதுங்க சார், இது எப்போ வந்துச்சுன்னு. நாளைக்கு எவனும் வரலன்னு சொல்லக்கூடாது."

ஏனோக் பேனாவை இடது கையில் எடுத்தார். தபால்காரர் வந்த நேரத்தை அமலாவிடமும் மகனிடமும் தனித்தனியாகக் கேட்டு, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, உறையின் ஓரத்தில் எழுதினார்: 28-10-2024, திங்கட்கிழமை, பகல் 12.15.